கடைசி ஓவர் போடுறவனுக்கு என்ன விலை?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயந்திரம். நியூஜெர்சியில் எங்கள் டவுன்ஷிப் மைதானம். மடக்கு நாற்காலி, பிளாஸ்கில் காபி, பக்கத்தில் தங்கமணி. என் பையனுக்கு 12 வயது. லிட்டில் லீக் பேஸ்பாலில் அவன் க்ளோசர். அதாவது கடைசி இன்னிங்ஸில் மட்டும் வந்து பந்து எறிகிறவன். நம்ம பாஷையில் டெத் ஓவர் ஆள்.

எங்கள் அணி 1 ரன் முன்னிலை. இன்னும் 3 பேரை அவுட் ஆக்கினால் வெற்றி. முதல் ஆள் அவுட். அடுத்த இரண்டு பேருக்கும் வாக் (கண்ட இடத்தில் பந்தை எறிந்து, ஒரு பேஸைச் சும்மா தாரை வார்ப்பது). அதற்கடுத்தவன் ஓங்கி ஒரு அடி. இரண்டு பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஆட்டம் குளோஸ்.

காரில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றும்போதுதான் வாயைத் திறந்தான்.

"அப்பா, மத்தவங்க அஞ்சு இன்னிங்ஸ் போட்டாங்க. நான் ஒண்ணுதான். ஜெயிச்சா யாருக்கும் என்னை ஞாபகம் இல்ல. தோத்தா என்னை மட்டும்தான் ஞாபகம். நான் எதுக்கு இதைச் செய்யணும்? கோச்கிட்ட வேணாம்னு சொல்லிடறேன்."

"ஒரு ஆட்டம்தானேடா, விடு" என்றேன். வட்டி ஏன் குறைஞ்சதுன்னு கேட்கிற கஸ்டமரிடம் "மேலிடத்து சர்க்குலர் சார்" என்று சொல்வது மாதிரியான பதில் அது. அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விளையாட்டு எழுத்தாளன் இல்லை. திருப்பதியில் பி.காம். படித்துவிட்டு வங்கியில் குப்பை கொட்டுகிறவன். ஆனால் 'இதன் மதிப்பு என்ன, இதை யார் கணக்கில் எழுதுவது' என்று கேட்டால் அது நம்ம ஏரியா.

சொந்த ஊர் கார்வேட்டிநகரம், சித்தூர் ஜில்லா. "ஆந்திராவா? அப்ப நீங்க தெலுங்கா?" என்று கேட்பவர்களுக்கு: வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். 1960-ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குப் போனது, நாங்கள் இந்தப் பக்கமே நின்றுவிட்டோம். கச்சேரி கேட்கிறவர்களுக்கு ஊர்ப் பெயர் தெரிந்திருக்கும். கார்வேட்டிநகரம் கோவிந்தசாமய்யா எங்கள் ஜமீன் வித்வான், வர்ணங்களுக்குப் பேர் போனவர். கச்சேரியில் முதலில் பாடுவது வர்ணம். ஆக, ஓப்பனிங் கொடுத்த ஊர்க்காரன் க்ளோசிங் பற்றி எழுத வந்திருக்கிறேன் :-)

சரி, விஷயத்துக்கு வருவோம்.

*

பேஸ்பாலில் மொத்தம் 9 இன்னிங்ஸ் (சின்னப் பசங்களுக்கு 6). இங்கே ஓவர் மாற்றம் என்பது கிடையாது. ஒரு பிட்சர் ஆரம்பித்தால் அவரே தொடர்ந்து எறிவார். கை ஓய்ந்தால்தான் வேறு ஆள். கிரிக்கெட்டில் பும்ராவை ஆரம்பத்தில் 2 ஓவர் போடச் சொல்லிவிட்டு, நிறுத்தி வைத்து, கடைசியில் மறுபடி கூப்பிடலாம். பெரியவர்கள் ஆடும் லீக்கில் வெளியே போன பிட்சர் அன்றைக்குத் திரும்ப வரவே முடியாது. பிக்சட் டெபாசிட்டை உடைத்த மாதிரி. எனவே யாரை எப்போது இறக்குவது என்பதுதான் பெரிய தலைவலி.

1900-களின் தொடக்கத்தில் இந்தத் தலைவலியே இல்லை. பெரும்பாலான ஆட்டங்களை ஆரம்பித்தவரே முடித்தார். நடுவில் இறங்குகிறவர் என்றால் மட்டமான ஆள் என்றுதான் அர்த்தம். 1920-களில் வாஷிங்டன் அணியின் ஃபிர்போ மார்பெரி இந்தப் பார்வையை மாற்றினார். ஆட்டத்தின் பின்பாதியில் இறங்கிக் காப்பாற்றுவதையே முக்கிய வேலையாகச் செய்தார். 1924-ல் வாஷிங்டன் சாம்பியன். 1950-ல் பிலடெல்பியாவின் ஜிம் கான்ஸ்டான்டி 74 ஆட்டங்களில் ஆடினார். ஒன்றில்கூட அவர் ஆரம்பிக்கவில்லை, எல்லாமே நடுவில் இறங்கியதுதான். அந்த வருடம் நேஷனல் லீக்கின் மிக மதிப்பு வாய்ந்த வீரர் விருது அவருக்கு.

ஆனாலும் ஸ்கோர் அட்டையில் இந்த வேலைக்கென்று ஒரு காலம் இல்லை. 1959-ல் பிட்ஸ்பர்க்கின் எல்ராய் ஃபேஸ் கணக்கில் 18 வெற்றி, 1 தோல்வி. அடேயப்பா என்று தோன்றும். சிகாகோ பத்திரிகையாளர் ஜெரோம் ஹோல்ட்ஸ்மன் உள்ளே போய்ப் பார்த்தார். அவற்றில் சில ஆட்டங்களில், கையில் இருந்த முன்னிலையைக் கோட்டை விட்டதே ஃபேஸ்தான். பிறகு அவர் அணி மறுபடி ரன் எடுத்ததால் வெற்றி அவர் பெயரில் விழுந்தது! தவறான ஹெட்டில் வரவு.

இதைச் சரிசெய்ய ஹோல்ட்ஸ்மன் கண்டுபிடித்த காலம்தான் 'சேவ்'. 1969-ல் அது அதிகாரபூர்வப் புள்ளிவிவரம் ஆனது. இன்றைய விதி சுருக்கமாக: ஜெயித்த அணியின் கடைசிப் பிட்சராக இருக்க வேண்டும், அந்த வெற்றி அவர் பெயரில் எழுதப்பட்டிருக்கக் கூடாது, 3 ரன்னுக்கு மேற்படாத முன்னிலையில் வந்து ஒரு முழு இன்னிங்ஸாவது எறிந்திருக்க வேண்டும். (வேறு சில உட்பிரிவுகளும் உண்டு. ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை மாதிரி.)

ஒரு காலம் திறந்தால் என்ன நடக்கும்? வங்கியில் இருப்பவர்களுக்குத் தெரியும். மார்ச் 31 டெபாசிட் எவ்வளவு என்று தலைமையகம் கேட்க ஆரம்பித்தால், ஊரில் இருக்கிற பணமெல்லாம் மார்ச் 31 அன்று மட்டும் கிளைக்கு வந்துவிட்டுப் போகும். இங்கேயும் அதே கதை. வேலையை அளக்க விதி வந்தது, பிறகு விதிக்கு ஏற்ற மாதிரி வேலை மாறியது. 1980-களின் கடைசியில் ஓக்லண்ட் அணியின் மேலாளர் டோனி லா ரூசா, டென்னிஸ் எக்கர்ஸ்லியைப் பெரும்பாலும் 9-வது இன்னிங்ஸுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். எல்லா அணிகளும் அதைப் பின்பற்றின. க்ளோசர் என்பது தனிப் பதவியாகி, தனிச் சம்பளமும் வந்தது.

*

இப்போது கணக்குப்பிள்ளை கேள்வி. இந்தப் பதவி அந்தச் சம்பளத்துக்குத் தகுமா?

ரெட்ரோஷீட் அமைப்பின் டேவ் ஸ்மித், பல பத்தாண்டு ஆட்டங்களைப் புரட்டிப் பார்த்தார். 8 இன்னிங்ஸ் முடிந்து முன்னிலையில் இருக்கும் அணி சுமார் 95 சதவீதம் ஜெயிக்கிறது. வேடிக்கை என்னவென்றால், க்ளோசர் என்ற பதவியே இல்லாத காலத்திலும் ஏறக்குறைய இதே 95தான்.

அப்படியானால் க்ளோசர் வெட்டியா? இல்லை. 3 ரன் முன்னிலையைச் சுமாரான ஆளும் காப்பாற்றிவிடுவார். அங்கே நல்லவரை இறக்கினால் பெயருக்கு ஒரு சேவ் கிடைக்கும், அணிக்கு அவ்வளவு லாபம் இல்லை. நல்ல ஆளின் மதிப்பு ஆபத்தான இடத்தில்தான். அது எப்போதும் கடைசி இன்னிங்ஸாகத்தான் இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

2016 அக்டோபர் 4, டொரொண்டோ. தோற்றால் வீட்டுக்குப் போகவேண்டிய ஆட்டம். பால்டிமோர் அணியின் க்ளோசர் ஸாக் பிரிட்டன் அந்த சீசனில் 47 வாய்ப்பில் 47-ஐயும் காப்பாற்றியவர். ஸ்கோர் 2-2. மேலாளர், முன்னிலை கிடைத்ததும் பிரிட்டனை இறக்கலாம் என்று காத்திருந்தார். 11-வது இன்னிங்ஸில் எட்வின் என்கார்னசியோன் இன்னொரு பிட்சரின் பந்தை மைதானத்துக்கு வெளியே அனுப்பினார். 5-2. பிரிட்டன் ஒரு பந்துகூட எறியாமல் அந்த சீசன் முடிந்தது. லாக்கரில் பூட்டி வைத்த நகையோடு பட்டினி கிடந்த கதை.

இதற்கு நேர் எதிர், நம்மில் பலர் ராத்தூக்கம் கெட்டு, அல்லது ஆபீசுக்கு மட்டம் போட்டுப் பார்த்தது. 2024 ஜூன் 29, பிரிட்ஜ்டவுன், டி20 உலகக் கோப்பை இறுதி. தென்னாப்பிரிக்காவுக்கு 30 பந்தில் 30 ரன், கையில் 6 விக்கெட். ரோகித் சர்மா, பும்ராவை 20-வது ஓவருக்காகப் பூட்டி வைக்கவில்லை. உடனே 16-வது ஓவரைக் கொடுத்தார், 4 ரன். பிறகு 18-வது ஓவர், 2 ரன், ஒரு விக்கெட். கடைசி ஓவரை ஹர்திக் பாண்டியா போடும்போது 16 ரன் தேவையாக இருந்தது. இந்தியா 7 ரன்னில் வென்றது.

பேஸ்பால் விதிப்படி பார்த்தால் பாண்டியாவுக்குத்தான் சேவ். ஆட்டத்தைப் பார்த்தவர்களைக் கேளுங்கள், வேறு பெயர் சொல்வார்கள்.

*

இதுவரை சொன்னது வரவுப் பக்கம். என் பையன் கேட்டது பற்றுப் பக்கம்.

1986 ஏப்ரல் 18, வெள்ளிக்கிழமை. எனக்கு 8 வயது. எங்கள் தெருவில் இரண்டே டிவி. எதிர் வீட்டுத் திண்ணை வரைக்கும் கூட்டம். என் நைனா கைத்தறிச் சங்கத்தில் கணக்கு எழுதியவர். பழைய லெட்ஜரின் பின்பக்கத்தில் பென்சிலால் ஸ்கோர் போடுவது அவர் பழக்கம். ஷார்ஜாவில் இந்தியா - பாகிஸ்தான் இறுதி ஆட்டம். கடைசிப் பந்து. பாகிஸ்தானுக்கு 4 ரன், கையில் ஒரே விக்கெட். பந்து 20 வயது சேத்தன் சர்மாவின் கையில். யார்க்கர் போட நினைத்தார், அது ஃபுல் டாஸாக விழுந்தது. ஜாவேத் மியான்தத் சிக்ஸர் அடித்தார்.

நைனா பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் முதல் எங்கள் ஊரில் 'சேத்தன் சர்மா' என்பது ஒரு வசவு. அரண்மனைப் பக்கம் ஆடும்போது கடைசி ஓவரில் அடி வாங்கினவன் எவனோ அவனுக்கு அந்தப் பெயர். எனக்கும் ஒரு வருஷம் இருந்தது அந்தப் பட்டம்.

அதே 1986, அக்டோபர் 12, கலிஃபோர்னியா. ஏஞ்சல்ஸ் அணிக்கு இன்னும் ஒரே ஒரு ஸ்ட்ரைக் கிடைத்தால் போதும், அணியின் வரலாற்றில் முதல்முறையாக உலகத் தொடருக்குப் போகலாம். பந்து க்ளோசர் டானி மூரின் கையில். பாஸ்டனின் டேவ் ஹெண்டர்சன் ஹோம் ரன் அடித்தார். அந்தத் தொடரையே ஏஞ்சல்ஸ் தோற்றது. அடுத்து வந்த சீசன்களில் சொந்த ஊர் ரசிகர்களே மூர் இறங்கும்போது கூச்சலிட்டார்கள். தோள்வலி, அணியிலிருந்து நீக்கம், வீட்டில் தகராறு. 1989 ஜூலையில் மனைவியைச் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்டார். மனைவி பிழைத்துக்கொண்டார். மூருக்கு வயது 35.

'ஒரு பந்து ஒரு மனிதனைக் கொன்றது' என்கிற மாதிரி எழுதினார்கள். அதுவும் தப்புக் கணக்குதான். ஒரு மனிதன் அந்த இடத்துக்குப் போக ஒரே காரணம் இருக்காது. அந்த வீட்டில் நடந்ததை ஒரு பந்தின் தலையில் கட்டிவிட்டால், கூச்சல் போட்டவர்களுக்கும் சவுகரியம், எழுதுகிறவர்களுக்கும் சவுகரியம்.

இதை என் பையனிடம் சொல்லவில்லை. மைதானத்து ஓரம் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அடுத்த வீட்டுப் பிள்ளை பந்தைத் தவற விட்டால் "ச்சே" என்று சத்தமாகச் சொல்கிற நமக்காகச் சொல்கிறேன். நானும் சொல்லியிருக்கிறேன்.

*

இந்த இடத்தில் ஒரு சொந்தக் கதை. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஒரு கிளையில் கேஷ் கவுண்டர். சாயந்திரம் எண்ணிப் பார்த்தால் 5,000 ரூபாய் குறைகிறது. என் சம்பளத்தில் பெரும்பகுதி. கடைசியாக மூடியது என் கவுண்டர், எனவே எல்லாக் கண்ணும் என் மேல். நானும் கடைசி அரைமணி நேர வவுச்சர்களையே திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருந்தேன். கை நடுங்கியது.

ஹெட் கேஷியர் அம்மா வந்தார். வவுச்சர் கட்டை வாங்கிக் காலை 10 மணியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார். 11 மணி வாக்கில் பணம் கொடுத்த 5,000 ரூபாய் வவுச்சர் ஒன்று, இன்னொரு வவுச்சரின் பின்னால் குண்டூசியோடு ஒட்டிக்கொண்டு இருந்தது. பதிவாகவே இல்லை.

"வித்தியாசம் சாயந்திரம்தான் தெரியும் பாபு. சாயந்திரம்தான் நடந்துச்சுன்னு அர்த்தம் இல்ல" என்றார்.

அந்தப் பதிவு என் கையில்தான் விட்டுப்போயிருந்தது என்பது வேறு விஷயம். ஆனால் 11 மணிக்கு.

அந்தக் கண்ணோடு ஷார்ஜா ஸ்கோரைத் திரும்பப் பாருங்கள். இந்தியா ஒரு கட்டத்தில் 216 ரன்னுக்கு ஒரே விக்கெட். அங்கிருந்து முடிந்தது 245-க்கு 7 விக்கெட். 29 ரன்னுக்குள் 6 விக்கெட்! 11 மணி வவுச்சர் அங்கே இருக்கிறது. சேத்தன் சர்மா அன்று 3 விக்கெட் எடுத்தவர். நைனாவின் பென்சில் கணக்கிலும் இதெல்லாம் இருந்திருக்கும். யாரும் பக்கத்தைப் புரட்டவில்லை.

டானி மூர் கணக்கும் அப்படியே. ஹோம் ரன்னுக்குப் பிறகு, அதே இன்னிங்ஸில் ஏஞ்சல்ஸ் 6-6 என்று சமன் செய்தது. ஜெயிக்க வாய்ப்பும் வந்தது, நழுவியது. 11-வது இன்னிங்ஸில்தான் தோற்றது. அதன் பிறகும் இரண்டு ஆட்டம் பாக்கி இருந்தது, இரண்டிலும் தோற்றது.

எனக்குத் தோன்றுவது இதுதான். க்ளோசரை நாம் ஒற்றைப் பதிவு முறையில் கணக்கு எழுதுகிறோம். ஜெயித்தால் முழு வெற்றியும் அவர் வரவு, தோற்றால் முழுத் தோல்வியும் அவர் பற்று. இரண்டுமே தப்பு. அவர் பொறுப்பு அவர் கைக்குப் பந்து வந்த பிறகு நடந்ததற்கு மட்டும். அது சின்னத் தொகை இல்லை. ஆனால் மொத்தத் தொகையும் இல்லை.

கணக்கு ஒரு நாளோடு மூடுவதும் இல்லை. சேத்தன் சர்மா ஷார்ஜா முடிந்து இரண்டே மாதத்தில், லார்ட்ஸ் டெஸ்டில் ஒரே இன்னிங்ஸில் 5 விக்கெட் எடுத்தார், இந்தியா ஜெயித்தது. அதே தொடரில் பர்மிங்காமில் 10 விக்கெட். 1987 அக்டோபர் 31, நாக்பூரில் நியூசிலாந்துக்கு எதிராக ஹாட்ரிக். உலகக் கோப்பை வரலாற்றில் முதல் ஹாட்ரிக் அது. எங்கள் தெருவில் அதற்கு எந்தப் பட்டமும் வைக்கவில்லை.

எக்கர்ஸ்லி 1988 உலகத் தொடரின் முதல் ஆட்டத்தில், நொண்டிக்கொண்டு வந்த கர்க் கிப்ஸனிடம் ஹோம் ரன் வாங்கித் தோற்றார். 1992-ல் அமெரிக்கன் லீக்கின் சிறந்த பிட்சர், மிக மதிப்பு வாய்ந்த வீரர் என்று இரண்டு விருதும் அவருக்கே.

2019 மே 12, ஹைதராபாத், ஐபிஎல் இறுதி. (சிஎஸ்கே அன்பர்கள் மன்னிக்கவும்.) மலிங்கா முதல் 3 ஓவரில் 42 ரன் கொடுத்திருந்தார். கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ரன் தேவை. அவரிடமே பந்தைக் கொடுத்தார்கள். 7 ரன், கடைசிப் பந்தில் விக்கெட். மும்பை 1 ரன்னில் வென்றது. அந்த 42-ஐ மறக்காமல் அவர் ஓடி வந்திருந்தால் அந்த யார்க்கர் விழுந்திருக்குமா?

கடைசியாக மரியானோ ரிவேரா. பனாமா மீனவர் மகன், நியூயார்க் யாங்கீஸின் க்ளோசர். 652 சேவ், இன்றுவரை உலக சாதனை. 2019-ல் ஹால் ஆஃப் ஃபேமுக்கு ஓட்டுப் போட்டவர்கள் ஒருவர் விடாமல் ஆதரித்த முதல் வீரர். அவர் காப்பாற்றத் தவறியது? 80 முறை. அந்த 80-ல் சேராதது இன்னொன்று: 2001 உலகத் தொடரின் 7-வது ஆட்டம், கடைசி இன்னிங்ஸ்.

*

ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம், ஸ்கோர் ஆப்பில் இருந்த அந்த ஆட்டத்தைப் பிரிண்ட் எடுத்தேன். பையனைக் கூப்பிட்டு ஒரு பென்சில் கொடுத்தேன். "முதல் இன்னிங்ஸ்லேர்ந்து பாரு. எங்க ரன் போச்சோ, எங்க எடுத்திருக்கணுமோ, டிக் பண்ணு."

2-வது இன்னிங்ஸில் கையில் விழுந்த கேட்சை விட்டதில் 2 ரன். 4-வதில் மூன்று பேஸும் நிரம்பியிருந்தும் நாங்கள் ஒரு ரன்கூட எடுக்கவில்லை. 5-வதில் ஒரு தப்பான த்ரோ. மொத்தம் 9 டிக். கடைசி வரிக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினான். பிறகு அவனே எழுதினான்: '2 வாக் - நான்.'

அதை நான் அழிக்கச் சொல்லவில்லை. அவன் கணக்கு அவனுடையது.

பக்கத்தில் ரிவேராவின் 652-ஐயும் 80-ஐயும் எழுதிக் காட்டினேன். "எய்ட்டியா?" என்றான். இரண்டு தடவை கேட்டான்.

அடுத்த சனிக்கிழமை கடைசி இன்னிங்ஸில் கோச் பந்தை நீட்டினார். வாங்கிக்கொண்டான். வரிசையாக மூன்று பேர் அவுட். ஆனால் எங்கள் அணி அப்போது 7 ரன் முன்னிலை. விதிப்படி சேவ் கணக்கில் வராது.

காரில் ஏறியதும் அதைத்தான் முதலில் சொன்னான், சிரித்துக்கொண்டே.